பூஞ்சைப் புரதங்களை டி செல்கள் பார்க்கும் விதம்

நுண்ணுயிரியல் படிக்கும் ஒருவரின் கேள்வி இது: “பூஞ்சைகளின் புரத ஆன்டிஜன்கள் செல்வழி நோய்த்தடைகாப்பைத் தூண்டுகின்றன என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. எந்தப் புரதங்கள்? எப்படித் தூண்டுகின்றன? ஆன்டிபாடி போதாதா? இவ்வளவு தெரிந்தும் மனிதர்களுக்கு ஒரு பூஞ்சைத் தடுப்பூசிகூட ஏன் இல்லை? இன்னொன்று, கேண்டிடா என்ற பூஞ்சையின் தோல் சோதனையில் எனக்குத் தடித்துவிட்டது. பயப்பட வேண்டுமா?”

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குப் பதில் சொல்ல மற்றதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆன்டிஜன் என்பது நோய்த்தடைகாப்பு அடையாளம் காணும் பொருள். அதை ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடி எதிர்த்தால் ஒரு வழி, டி செல் போன்ற செல்களே இறங்கிப் போராடினால் செல்வழி.

முதலில் அந்தத் தோல் சோதனையையே எடுத்துக்கொள்வோம். முன்கையின் உட்புறத்தில், தோலின் அடுக்குக்குள்ளேயே, 0.1 மி.லி. பூஞ்சைச் சாற்றை ஊசியால் ஏற்றுகிறார்கள். அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது. மறுநாள் லேசாகச் சிவக்கும். 48 மணி நேரம் ஆகும்போது விரலால் தடவினால் உள்ளே ஒரு வட்டத் தட்டு வைத்தது போலக் கெட்டியாக இருக்கும். அளக்க வேண்டியது அந்தக் கெட்டியைத்தான், சிவப்பை அல்ல. புதிதாகப் படிப்பவர்கள் தவறாமல் சிவப்பைத்தான் அளப்பார்கள். பால்பாயின்ட் பேனாவைத் தடிப்புக்கு வெளியே வைத்து மெதுவாக உள்நோக்கி இழுத்துப் பாருங்கள். தடிப்பின் விளிம்பில் பேனா முட்டிக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்கமிருந்தும் அப்படியே இழுங்கள். இரண்டு கோடுகளின் முனைகளுக்கும் நடுவில் உள்ள தூரம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலான சோதனைகளில் பாசிட்டிவ்.

அந்தக் கெட்டித் தட்டுக்குள் இருப்பது தண்ணீர் அல்ல, செல்கள். முன்பு எப்போதோ அந்தப் பூஞ்சையைச் சந்தித்து, அதை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் சில, ரத்தத்தில் சுற்றி வரும்போது இங்கே தங்கள் ஆளை அடையாளம் கண்டுகொண்டன. கண்டதும் சைட்டோகைன்கள் என்ற அழைப்புச் சேதி மூலக்கூறுகளைச் சுரந்தன. அதைக் கேட்டு மேலும் டி செல்களும், கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ்களும் வந்து குவிந்தன. இத்தனை செல்கள் நடந்து வந்து சேர வேண்டியிருப்பதால்தான் இரண்டு நாள் ஆகிறது. ஆன்டிபாடி ஏற்கெனவே ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும் பொருள். அது செய்யும் வேலை நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தெரிந்துவிடும்.

சாற்றில் ஏகப்பட்ட சரக்கு இருக்கிறதே, ஏன் புரதத்தை மட்டும் தனியாகப் பேசுகிறோம்? டி செல்லுக்கு முழுப் பூஞ்சையும் தெரியாது, முழுப் புரதமும் தெரியாது. டென்ட்ரிடிக் செல் என்ற காவல் செல் பூஞ்சையை விழுங்கி, உள்ளே நறுக்கி, கிடைக்கும் பெப்டைடு எனும் சிறு புரதத் துண்டுகளை எம்எச்சி மூலக்கூறின் பள்ளத்தில் வைத்து வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். மற்றச் செல்களை முடுக்கும் சிடி4 டி செல்லுக்கு அந்தத் துண்டு ஏறத்தாழ 13 முதல் 25 அமினோ அமிலம் நீளம், தொற்றிய செல்லைக் கொல்லும் சிடி8 டி செல்லுக்கு 8 முதல் 10. பூஞ்சையின் செல் சுவர் பெரும்பாலும் பீட்டா குளுக்கான், மன்னான், கைட்டின் என்று சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அவை அந்தப் பள்ளத்தில் உட்காருவதில்லை. ஆகவே டி செல் நினைவில் வைத்துக்கொள்ளும் அடையாளம் புரதத்திலிருந்துதான் வரும்.

அதற்காகச் சர்க்கரைக்கு வேலை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். டென்ட்ரிடிக் செல்லின் மேலுள்ள டெக்டின்-1 பீட்டா குளுக்கானைப் பிடிக்கிறது, டெக்டின்-2 மன்னானைப் பிடிக்கிறது. அந்தச் சேதி உள்ளே கார்டு9 என்ற இணைப்புப் புரதம் வழியாகப் போகிறது. அது போனால்தான் டென்ட்ரிடிக் செல் “இது பூஞ்சை, இன்ன வகை டி செல்லை வளர்த்துவிடு” என்று முடிவெடுக்கும். கார்டு9 ஜீன் பழுதாகப் பிறந்தவர்களுக்கு உடம்பில் கேண்டிடா திரும்பத் திரும்ப வருவது 2009-இல் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தபோது தெளிவானது. யாரைத் தாக்குவது என்று சொல்வது புரதம், எப்படித் தாக்குவது என்று சொல்வது சர்க்கரை.

இந்த இரண்டும் ஒரே மூலக்கூறில் சேர்ந்து வருவதற்கு கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை நல்ல உதாரணம். மன்னோஸ் சர்க்கரை ஒட்டிய அதன் மன்னோபுரதங்களில் ஒன்று எம்பி98. டி செல்களைத் தட்டி எழுப்புவதால் தேடிப் பிடிக்கப்பட்டது, பிறகு பார்த்தால் கைட்டினை மாற்றியமைக்கும் ஒரு நொதி. இவ்வகை மன்னோபுரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் மன்னோஸ் சர்க்கரைகளை நீக்கிவிட்டால் டி செல்களின் துள்ளல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. டி செல் பார்ப்பது பெப்டைடைத்தானே, சர்க்கரை போனால் என்ன? டென்ட்ரிடிக் செல் அதை வாரி விழுங்குவதற்குக் கைப்பிடியாக இருந்ததே அந்த மன்னோஸ்தான். கைப்பிடி போனதும் விழுங்குவது குறைகிறது, காட்டுவதும் குறைகிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் பூஞ்சைப் புரதத்தைத் தயாரித்துவிட்டு “இது ஆன்டிஜனே இல்லை” என்று முடிவு கட்டுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். பாக்டீரியா அந்தச் சர்க்கரையை ஒட்டாது.

இனி, ஆன்டிபாடி போதாதா என்ற கேள்வி. இதற்குப் பதிலை நோயாளிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். எச்ஐவியில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் உள்ள சிடி4 டி செல்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால் நியூமோசிஸ்டிஸ் பூஞ்சையால் வரும் நிமோனியா, 100-க்குக் கீழே போனால் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல். வாயில் வெள்ளையாகப் படியும் கேண்டிடா அதற்கும் முன்னாலேயே தலைகாட்டும். ஆனால் அதே நோயாளிகளின் ரத்தத்தில் கேண்டிடா பரவுவது அரிது. ரத்தத்தில் அதைத் தடுத்து நிறுத்துவது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு, அது எச்ஐவியில் பெரும்பாலும் தப்பி நிற்கிறது. கீமோதெரபியால் நியூட்ரோபில் சரிந்தவருக்குக் கதை தலைகீழ். செல்வழித் தடைகாப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும், தோல், வாய்ச்சவ்வு, நுரையீரல், ரத்தம் என்று இடத்துக்கு இடம் காவலாளி வேறு.

பாலைவன மண்ணில் வாழும் காக்சிடியாய்டிஸ் விஷயம் இன்னும் தெளிவு. அமெரிக்காவின் தென்மேற்கில் ‘வேலி ஃபீவர்’ என்று சொல்லப்படும் நோய் அது. சார்லஸ் ஸ்மித் என்ற மருத்துவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பகுதி விமானத் தளங்களில் இருந்த படைவீரர்களுக்கு காக்சிடியாய்டின் தோல் சோதனை செய்து வந்தார். அவரும் பின்னால் வந்தவர்களும் கண்டது இது: தோல் சோதனை நன்றாகத் தடித்தவர்கள் பெரும்பாலும் தானே குணமானார்கள். நோய் எலும்புக்கும் மூளைக்கும் பரவியவர்களில் பலருக்குத் தோல் சோதனை பேசாமலே இருந்தது, ஆன்டிபாடி அளவோ மேலே ஏறிக்கொண்டே போனது. ஆன்டிபாடியை அளக்கும் காம்ப்ளிமென்ட் ஃபிக்சேஷன் சோதனையின் அளவு 1:16-ஐத் தாண்டினால் பரவலைச் சந்தேகிக்கும் வழக்கம் இதிலிருந்து வந்ததுதான். இங்கே ஆன்டிபாடி கேடயமாக அல்ல, பூஞ்சை எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதைக் காட்டும் மீட்டராக நிற்கிறது. காலில் வலியுடன் சிவந்த முடிச்சுகள் எழும் எரிதிமா நோடோசம் இந்த நோயில் பார்க்கப் பயமாக இருக்கும். அதைப் பார்த்த அனுபவசாலி மருத்துவர் கொஞ்சம் நிம்மதி அடைவார். டி செல்கள் விழித்துவிட்டன என்று அர்த்தம்.

நியாயத்துக்கு ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபாடி எப்போதும் வீண் என்பதில்லை. கிரிப்டோகாக்கஸின் உறைக்கு எதிரான ஆய்வகத்தில் ஒரே வகையாகத் தயாரித்த சில மோனோகுளோனல் ஆன்டிபாடிகள் எலிகளைக் காப்பாற்றியிருக்கின்றன. எந்த ஆன்டிபாடி, எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

அடுத்து, ‘எந்தப் புரதங்கள்’ என்ற கேள்வி. ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் அடிப்படைப் பாடம் அதில்தான் இருக்கிறது. 1945 வரை அது அபூர்வமான, கொல்லும் நோய் என்றே எண்ணியிருந்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் கரோல் பால்மர் நர்சிங் மாணவியரைச் சோதித்தார். நுரையீரல் எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் புள்ளிகள் இருந்தும் காசநோய்ச் சோதனை நெகட்டிவ் ஆனவர்களில் பெரும்பாலோருக்கு ஹிஸ்டோபிளாஸ்மின் என்ற அதன் சாற்றின் தோல் சோதனை தடித்தது. அவர்கள் எல்லோரும் இந்தப் பூஞ்சையை மூச்சில் இழுத்து, தெரியாமலே வென்று, நலமாக வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள். பிறகு கடற்படையில் சேர்ந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் இந்தச் சோதனை செய்து, ஓஹியோ, மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குகள் இதன் கோட்டை என்று வரைபடமே போட்டார்கள். டி செல்லின் நினைவை வைத்து நாட்டின் மண்ணை வரைந்த வேலை அது. எனக்கு இதில் தீராத வியப்பு.

அந்த ஹிஸ்டோபிளாஸ்மின் பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டி எடுத்த கலவை. பின்னாளில் எந்தப் புரதம் டி செல்லைத் தூண்டுகிறது என்று ஈஸ்ட் வடிவத்தின் செல் சுவர், செல் சவ்வுச் சாற்றைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் கவனத்துக்கு வந்தன, எச்எஸ்பி60, எச்எஸ்பி70. பூஞ்சை மண்ணின் குளிரிலிருந்து நம் உடம்பின் 37 டிகிரிக்கு வரும்போது இவை நிறைய உருவாகும். எச்எஸ்பி60 ஈஸ்ட்டின் மேற்பரப்பிலும் இருக்கிறது, மேக்ரோபேஜின் சிஆர்3 ஏற்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவதற்கே உதவுகிறது. இந்தப் புரதத்தைத் தடுப்பூசியாகப் போட்ட எலிகள் பூஞ்சையைத் தாக்குப்பிடித்தன. எச்எஸ்பி70 போட்ட எலிகளுக்கும் டி செல்கள் விழித்தன, தோல் சோதனை அழகாகத் தடித்தது. ஆனால் பூஞ்சையைக் கொடுத்தபோது பாதுகாப்பு இல்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரே பூஞ்சை, இரண்டும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், இரண்டும் செல்வழி எதிர்வினையைத் தூண்டுகின்றன, ஒன்றுதான் காப்பாற்றுகிறது. ‘தூண்டும் ஆன்டிஜன்’ என்பதும் ‘காக்கும் ஆன்டிஜன்’ என்பதும் ஒன்றல்ல. உங்கள் பாடப்புத்தகத்தின் ஒரு வரி மறைப்பது இதைத்தான்.

படர்தாமரையை உண்டாக்கும் டிரைக்கோபைட்டான் இதையே வேறு கோணத்தில் காட்டும். அதன் ட்ரை ஆர் 2 என்ற புரதம் சப்டிலிசின் வகையைச் சேர்ந்த ஒரு புரதச் சிதைப்பான். இதைச் சிலர் கையில் போட்டால் 20 நிமிடத்துக்குள் கொசுக்கடி போல் வீங்கி அடங்கும், அது ஒவ்வாமையை உண்டாக்கும் ஐஜிஇ ஆன்டிபாடியின் வேலை. வேறு சிலருக்கு அப்போது ஒன்றும் இல்லை, இரண்டு நாள் கழித்துக் கெட்டியாகத் தடிக்கும், அது டி செல்லின் வேலை. புரதம் அதேதான், அதைச் சந்திக்கும் உடம்புதான் வேறு. உடனே வீங்குகிறவர்களிடம்தான் ஆண்டுக்கணக்கில் போகாத படர்தாமரை அதிகம் காணப்படுகிறது. தாமதமாகத் தடிப்பவர்களுக்குத் தொற்று சூடாக வந்து சீக்கிரம் போய்விடும் போக்கு உண்டு. ஒரு புரதத்துக்கு ‘செல்வழி ஆன்டிஜன்’ என்று நிரந்தரப் பட்டம் கட்டுவதில் எனக்குத் தயக்கம் இருப்பது இதனால்தான்.

டி செல்லும் ஒரே சாதி அல்ல. டிஎச்1 வகை இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து மேக்ரோபேஜை முடுக்கும். ஹிஸ்டோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ் போல மேக்ரோபேஜுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் பூஞ்சைகளுக்கு அதுதான் மருந்து. டிஎச்17 வகை இன்டர்லூக்கின் 17 சுரந்து நியூட்ரோபில்களை வரவழைக்கும், சவ்வுகளைக் காக்கும். கேண்டிடாவுக்கு எதிரான நம் நினைவு டி செல்களில் பெரும்பங்கு இவைதாம். சொரியாசிஸுக்கு இன்டர்லூக்கின் 17-ஐத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு வாய்க் கேண்டிடா வருவதும் அதனால்தான். ஒவ்வாமை வகையான டிஎச்2 பக்கம் சாய்ந்தால், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கான ஒவ்வாமை மாதிரி இருமலும் இழுப்பும்தான் மிச்சம்.

இன்னும் சில புரதங்களை வேகமாகச் சொல்லிப் போகிறேன். தென் அமெரிக்காவின் பாராகாக்சிடியாய்டிஸ் சுரக்கும் ஜிபி43-க்கு ஆன்டிபாடி பார்த்துத்தான் நோயையே கண்டுபிடிக்கிறார்கள். அதே புரதத்திலிருந்து 15 அமினோ அமிலம் மட்டும் உள்ள பி10 என்ற துண்டை எடுத்து எலிக்குப் போட்டால் இன்டர்ஃபெரான் காமா எழும்பி நோய் தணிகிறது, 1998-இல் பிரேசிலில் காட்டினார்கள். கேண்டிடாவில் எம்பி65 என்ற மன்னோபுரதமும், செல்களை ஒட்டிப்பிடிக்க உதவும் ஏஎல்எஸ்3-உம் முக்கியமானவை. காக்சிடியாய்டிஸில் புரோலின் நிறைந்த ஆன்டிஜன் ஒன்றும், மேற்பரப்பு கிளைக்கோபுரதம் ஒன்றும். அந்த மேற்பரப்புப் புரதத்தைப் பூஞ்சையே தன் நொதியால் வெட்டி உதறிவிடுகிறது, அதுவும் உள்ளே உருவான குட்டி வித்துகள் வெளியே வரும் நேரத்தில். அடையாள அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தப்புவது போல.

தப்பிப்பதற்கென்றே உள்ள புரதமும் உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகளை நாம் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் மூச்சில் இழுக்கிறோம், நோய்த்தடைகாப்பு கண்டுகொள்வதில்லை. வித்தின் மேல் ராட்ஏ என்ற, தண்ணீர் ஒட்டாத ஹைட்ரோஃபோபின் புரதம் பாய் விரித்தது போல மூடியிருக்கிறது. அது எதையும் தூண்டுவதில்லை. அந்தப் பாயை அமிலத்தால் கரைத்தோ ஜீனை நீக்கியோ விட்டால் அதே வித்து டென்ட்ரிடிக் செல்லை எழுப்பிவிடுகிறது என்று 2009-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தை மையமாகக் கொண்ட குழு காட்டியது. வித்து ஈரத்தில் உப்பி முளைவிடும்போது பாய் தானே கிழிகிறது. முளைக்காத வித்துக்காகச் சண்டை போடாமல் இருப்பது நம் நுரையீரலுக்கும் நல்லதுதான்.

தடுப்பூசி விஷயத்துக்கு வருவோம். முயற்சி இல்லாமல் இல்லை. காக்சிடியாய்டிஸ் உடம்புக்குள் எடுக்கும் உருண்டை வடிவமான ஸ்பெரூல்களைக் கொன்று, அவற்றை 1980 முதல் 1985 வரை ஏறத்தாழ 2,900 பேரிடம் சோதித்தார்கள். ஊசி போட்ட இடம் வலித்தது, நோயைத் தடுத்ததற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. கேண்டிடாவின் ஏஎல்எஸ்3 புரதத்தில் செய்த என்டிவி-3ஏ தடுப்பூசி திரும்பத் திரும்ப யோனித் தொற்று வரும் பெண்களிடம் சோதிக்கப்பட்டு 2018-இல் முடிவு வந்தது. 40 வயதுக்குக் கீழானவர்களில் தொற்று திரும்புவது குறைந்தது. நம்பிக்கை தரும் சேதிதான், ஆனாலும் உரிமம் பெற்ற மனிதத் தடுப்பூசி இன்றுவரை ஒன்றும் இல்லை.

ஏன்? பணம் ஒரு காரணம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. உயிரியல் காரணத்துக்கு பிளாஸ்டோமைசிஸ் என்ற பூஞ்சையின் கதையைக் கேளுங்கள். விஸ்கான்சினில் புரூஸ் கிளைன் குழுவினர் அந்தப் பூஞ்சையின் மேலிருந்த 120 கிலோடால்டன் புரதம் ஒன்றைப் பிடித்தார்கள். அதன் பெயர் முதலில் டபிள்யூஐ-1, பிறகு பேட்1. ஆன்டிபாடியும் அதற்குத்தான், டி செல்லும் அதற்குத்தான். முன்னணி ஆன்டிஜன், ஆகவே தடுப்பூசிக்கு முதல் வேட்பாளர். பிறகு அதன் ஜீனையே நீக்கிப் பார்த்தார்கள். பூஞ்சை நோய் உண்டாக்கும் திறனை இழந்தது. அந்த வலுவிழந்த பூஞ்சையை உயிரோடு ஊசியாகப் போட்ட எலிகள், பின்னால் வந்த உண்மையான தொற்றை முறியடித்தன. யோசித்துப் பாருங்கள், அந்த ஊசியில் பேட்1 கிடையவே கிடையாது! அப்படியானால் டி செல்கள் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன?

விடை கிடைக்க 2015 வரை ஆனது. தடுப்பூசி போட்ட எலியின் ஒரு டி செல்லின் ஏற்பியை எடுத்து, அந்த ஏற்பியை மட்டுமே சுமக்கும் எலிகளை உருவாக்கி, பூஞ்சையின் புரதங்களைப் பிரித்துப் பிரித்துக் காட்டியதில் சிக்கியது கால்னெக்சின். பள்ளிப் பாடத்தில் அது எண்டோபிளாஸ்மிக் வலைக்குள் புரதம் மடிய உதவும் துணைப்புரதம், வெளியே வரவே வேலையில்லாதது. பூஞ்சையின் மேற்பரப்பிலும் அது இருந்தது. அந்த டி செல்கள் பிளாஸ்டோமைசிஸை மட்டுமல்ல, ஹிஸ்டோபிளாஸ்மா, காக்சிடியாய்டிஸ், ஆஸ்பர்ஜில்லஸ், வவ்வால்களைக் கொல்லும் வெள்ளைமூக்குப் பூஞ்சை வரை அடையாளம் கண்டன. முன்னால் நின்று மினுக்கும் புரதத்தை விட்டு, உள்ளே அடக்கமாக வேலை பார்க்கும் பொதுப் புரதம்.

பொது என்பதிலேயே அடுத்த சிக்கலும் இருக்கிறது. பூஞ்சை பாக்டீரியா போல நமக்குத் தூரத்து உறவல்ல. எச்எஸ்பி60, கால்னெக்சின் இரண்டுக்கும் நம்மிடமும் இணைப் புரதங்கள் உண்டு. பூஞ்சையில் மட்டும் உள்ள துண்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தடுப்பூசி மிகவும் தேவைப்படுபவர்களோ டி செல் குறைந்தவர்கள், அவர்களிடம் டி செல்லை எழுப்பும் ஊசி என்ன செய்துவிடும்? எழுந்தாலும் ஆபத்து உண்டு. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் எச்ஐவி மருந்தைச் சட்டென்று தொடங்கினால், திரும்பி வரும் டி செல்களின் சீற்றமே மூளையை வீங்கவைக்கக்கூடும். அதனால் 4 முதல் 6 வாரம் பொறுக்கிறார்கள். கேண்டிடாவைப் பார்த்துப் பழகிய டிஎச்17 செல்கள் குறுக்கடையாளத்தால் ஆஸ்பர்ஜில்லஸையும் தாக்கும், அது சில நுரையீரல் நோயாளிகளுக்குத் தொல்லையாக முடிகிறது என்பதும் 2019-இல் வெளிவந்தது.

இப்போது எனக்கு அதிக நம்பிக்கை தருபவை இரண்டு. ஒன்று, ஈஸ்ட் சுவரின் குளுக்கான் உருண்டைக்குள் புரதத்தை அடைத்துத் தருவது. முன்னே சொன்ன கைப்பிடிப் பிரச்சினை இதில் தீர்கிறது, உருண்டையே டெக்டின்-1-ஐத் தட்டும். கிரிப்டோகாக்கஸ் புரதங்களை இப்படிக் கொடுத்து எலிகளைக் காத்திருக்கிறார்கள். இன்னொன்று, காக்சிடியாய்டிஸின் சிபிஎஸ்1 ஜீனை நீக்கிய உயிர்த் தடுப்பூசி. அந்த ஜீன் முதலில் கண்ணில் பட்டது மக்காச்சோளத்தைத் தாக்கும் ஒரு பூஞ்சையில். நாய்களிடம் அந்த ஊசி நன்றாக வேலை செய்ததை 2021-இல் வெளியிட்டார்கள்.

இனி உங்கள் கைத் தடிப்பு. கேண்டிடா நம்மில் பெரும்பாலோரின் வாயிலும் குடலிலும் குடியிருப்பது. எல்லோருடைய டி செல்லுக்கும் அது பழகிய முகம். அந்தச் சோதனையை மருத்துவர்கள் செய்வதே “இவருக்குக் கேண்டிடா நோய் இருக்கிறதா” என்று அறிய அல்ல, “இவருடைய டி செல்கள் விழித்திருக்கின்றனவா” என்று பார்க்க. தடிக்காமல் இருந்திருந்தால்தான் ஏன் என்று யோசிக்க வேண்டும், அதற்கும் வயதோ, ஸ்டீராய்டு மாத்திரையோ, ஊசி ஆழமாக இறங்கிவிட்டதோ காரணமாகலாம். உங்களுக்குத் தடித்தது நல்ல சேதி. அரித்தால் சொறியாதீர்கள். சில நாளில் தானே அமுங்கிவிடும்.